புகையைப் பார்க்கிறார்கள், அச்சை யார் பார்ப்பது?

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பேணுவோரிடையே ஒரு மதம் வளர்ந்திருக்கிறது. அதன் தெய்வத்தின் பெயர் 'ஒரிஜினல்'. தொழிற்சாலையில் பூட்டிய ஆணி அப்படியே இருக்க வேண்டும். வேறு பாகம் பொருத்துவது தெய்வ நிந்தனை. இம்மதத்தவர் கொழும்பின் சமதரை வீதிகளோடு நின்றுவிட்டால் எனக்கு அவர்களோடு வழக்கில்லை. ஆனால் ஏப்ரல் பிறந்ததும் நுவரெலியாவுக்கு ஏறுகிறார்கள். அங்கிருந்து வெலிமடை, ஹாலிஎல வழியாகப் பதுளைக்கும், பண்டாரவளை, எல்ல வழியாக வெல்லவாயவுக்கும் இறங்குகிறார்கள். என் வழக்கு அந்த இறக்கத்தில்தான் தொடங்குகிறது.

டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற சிறிய திறந்த காரை எடுத்துக்கொள்வோம். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் உற்பத்தியானது. 1959இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டின் வம்சம். இரண்டிலும் பின்சக்கரங்களைச் சுழற்றும் எக்ஸல்களுக்கு டிபரன்ஷியலை ஒட்டி ஒரேயொரு மூட்டுத்தான் உண்டு. சக்கரப் பக்கத்தில் மூட்டு இல்லை. ஆகவே எக்ஸல் மேலும் கீழும் ஊசலாடும்போது சக்கரமும் அதனோடு சாய்ந்தே தீர வேண்டும். நேர்ப்பாதையில் இது பெரிதாகத் தெரியாது. வளைவுக்குள் வேகமாக நுழைந்த சாரதி, பாதை நினைத்ததைவிட இறுகுவதைக் கண்டு அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறார். காரின் பின்புறம் எழும்புகிறது. வெளிப்பக்கச் சக்கரம் காருக்கு அடியில் மடங்குகிறது. டயரின் ஓரம் மாத்திரமே தரையில் நிற்க, பின்பகுதி வீசிக்கொண்டு போகிறது. போதாக்குறைக்கு, சக்கரத்தைத் தாங்கும் அந்த எக்ஸல் வெளிமுனையில் ஒடிந்தால் சக்கரமே தனியாகக் கழன்று போகும். அறுபது வயதான இரும்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதை மறக்க வேண்டாம்.

இது என் கண்டுபிடிப்பன்று. இவ்வகை ஊசல் அச்சைக் கொண்ட செவ்ரலே கோர்வெயர் காரைத்தான் ரால்ஃப் நேடர் 1965இல் 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்' என்ற நூலின் முதல் அத்தியாயத்தில் கூண்டிலேற்றினார். அக்கார் தன் காலத்துப் பிற கார்களைவிட மோசமானதன்று என 1972இல் அமெரிக்க அரசின் ஆய்வு கூறியதையும் நேர்மையின் பொருட்டுக் குறிப்பிடுகிறேன். எனினும் செவ்ரலே நிறுவனமே தனது 1965 மாதிரியில் அந்த அமைப்பைக் கைவிட்டது. டிரையம்ப் நிறுவனமும் 1970இல் ஸ்பிட்ஃபயரின் நான்காம் மாதிரியில் பின் வில்லை மாற்றியது. வில்லின் ஓர் இலை மட்டும் டிபரன்ஷியலோடு இறுகப் பூட்டப்பட, மற்ற இலைகள் அதன்மேல் அசைந்து கொடுக்கும். சக்கரம் மடங்கும் குணம் பெருமளவு அடங்கிற்று.

நமக்கு இன்னும் நெருங்கிய சாட்சி சென்னையில் இருக்கிறது. வண்டலூரில் இயங்கிய ஸ்டாண்டர்ட் நிறுவனம் 1961 முதல் ஹெரால்டைத் தயாரித்தது. இந்தியப் பாதைகளுக்கும் இந்திய மெக்கானிக்குகளுக்கும் அந்த ஊசல் அச்சு ஒத்துவரவில்லை. 1972இல் அதே காரிலிருந்து 'கெஸல்' என்ற மாதிரியை உருவாக்கியபோது, ஊசல் அச்சைத் தூக்கியெறிந்துவிட்டு லொறிக்கு இருப்பது போன்ற ஒற்றைத் திண் அச்சைப் பூட்டினார்கள். செய்த நிறுவனங்களே திருத்திய பிழையை நாம் பூசையறையில் வைத்துக் கும்பிடுகிறோம்.

எதிர்முகாம் ஒன்றும் இருக்கிறது. அவர்களுக்குத் தெய்வமும் இல்லை, பயமும் இல்லை. டிபரன்ஷியலின் உட்பற்களை வெல்டிங் செய்து இரு சக்கரங்களையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறார்கள், மலிவான வித்தை. வளைவில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும் என்பதற்காகவே டிபரன்ஷியல் என்ற பொருள் உண்டாயிற்று. அதைச் சாகடித்துவிட்டு, நமுனுகுலப் பக்கத்து மழை ஈரத்தில் கொண்டையூசி வளைவைத் திருப்பினால், கார் நேராகவே போக அடம்பிடிக்கும், எக்ஸல் முறுகும். வழுக்கும் சக்கரத்தைக் கட்டுப்படுத்தி மற்றதற்கும் இழுவை தரும் டிபரன்ஷியல்கள் இருக்கின்றன. விலை அதிகம். அந்த விலையைக் கொடுக்க முடியாதவர் பழையதையே நல்ல எண்ணெயோடு ஓட்டலாம், ஒரு குற்றமுமில்லை.

வேகத்துக்கென்று பல்விகிதத்தை மாற்றுவோரும் இருக்கிறார்கள். முதல் ஸ்பிட்ஃபயர்களில் 4.11, பிற்காலத்து 1500இல் 3.63. பிந்தையதைப் பூட்டினால் அதே வேகத்தில் எஞ்சின் ஏறத்தாழ 12 வீதம் குறைவாகச் சுழலும். இங்கிலாந்தின் நெடுஞ்சாலைக்கு நல்லது. ஆனால் எல்ல கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கு மேல். வெல்லவாய இருநூறு மீற்றரைக்கூட எட்டாது. இடையில் முப்பது கிலோமீற்றர்கூட இல்லை. அந்த இறக்கத்தில் காரைப் பிடித்து நிறுத்த வேண்டியது எஞ்சின். அந்தப் பிடியைத் தளர்த்திவிட்டுப் பாரம் முழுவதையும் பழைய பிரேக்கின் தலையில் போடுவதை 'மேம்படுத்தல்' என்கிறார்கள்! மலைக்கு 4.11தான் சரி என்பது என் துணிபு.

காரில் இருப்பவர் தெரிந்தே ஏறியவர். என் கவலை வீதியோரத்தில் நடப்பவரைப் பற்றியது. பசறையிலும் அப்புத்தளையிலும் கொஸ்லாந்தையிலும் தோட்டத்து வீதிகளுக்கு நடைபாதை ஏது? ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். கொழுந்துச் சாக்கோடு மடுவத்துக்குப் போகும் பெண்ணும் பாடசாலைப் பிள்ளையும் தாரின் விளிம்பில்தான் நடக்கிறார்கள். 2024 ஏப்ரல் 21ஆந் திகதி தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் ஓட்டப் போட்டியில் கார் ஒன்று தடம் விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. எட்டு வயதுச் சிறுமி உட்பட ஏழு பேர் இறந்தனர். அதற்குக் காரின் எந்த உறுப்பு காரணம் என்று நான் தீர்ப்பெழுத வரவில்லை. கார் தடம் விலகும்போது யார் சாகிறார்கள் என்பதை மட்டும் சுட்டுகிறேன்.

அரசு என்ன செய்கிறது? தனியார் கார் ஒன்றின் வருமான அனுமதிப்பத்திரத்துக்கு ஆண்டுதோறும் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்கிறார்கள், காப்புறுதி கேட்கிறார்கள். எக்ஸல் ஒடியும் நிலையில் இருக்கிறதா, டிபரன்ஷியலை வெல்டிங் செய்திருக்கிறார்களா என்று எவரும் குனிந்து பார்ப்பதில்லை. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டுத் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்தாண்டுகளில் கொட்டிலில் கிடந்ததெல்லாம் வீதிக்கு வந்துவிட்டது. ஆகவே கேட்கிறேன்: ஐம்பது வயதைக் கடந்த கார் மலைக்கு ஏறுமுன் அதன் பின் அச்சைப் பார்த்தவர் ஒருவரின் கையொப்பம் வேண்டும். காரை ஜாக்கில் தூக்கிச் சக்கரத்தின் மேலும் கீழும் கைவைத்து அசைத்தால் போல்ரேசின் தேய்மானம் கையிலேயே தெரியும். ஒரு சக்கரத்தைச் சுழற்றும்போது மற்றதும் அதே பக்கமாக இறுகிச் சுழன்றால் உள்ளே வெல்டிங் இருக்கிறதா என்று சந்தேகிக்கலாம். பத்து நிமிட வேலை. தோட்டத்து லொறிகளில் தொழில் பழகி இன்று பதுளையிலும் பண்டாரவளையிலும் கராஜ் வைத்திருப்போருக்கு இது அத்துபடி. அவர்களின் கையொப்பத்துக்கு இன்றுவரை ஒரு திணைக்களத்திலும் மதிப்பில்லை.

ஸ்பிட்ஃபயர்க்காரர்கள் செய்ய வேண்டியதும் மலையைப் புரட்டும் காரியமன்று. 1970இன் அந்த அசையும் வில் முந்தைய மாதிரிகளுக்கும் பொருந்தும். அதை மாற்றும்போது முன்புறத்தில் கார் சாய்வதைத் தடுக்கும் குறுக்குக் கம்பியையும் தடித்ததாக மாற்ற வேண்டும். ஒன்றை விட்டு மற்றதைச் செய்யக்கூடாது. கழற்றிய பழைய வில்லை எண்ணெய் பூசிச் சாக்கில் சுற்றிக் கராஜ் மூலையில் வைத்துக்கொள்ளலாம். விற்கும் நாளில் அது ஒரிஜினல் என்று வாங்குபவரிடம் காட்டினால் அவரும் மகிழ்வார்.