எல்லைப்புறத்தில் பேச்சிழப்பு: எந்த மொழியில் அளப்பது?

பக்கவாதத்தாலோ தலைக் காயத்தாலோ மூளையின் இடப்பாதி பாதிக்கப்படும்போது, கேட்பதை விளங்கிக்கொள்ளும் ஆற்றல் பெருமளவு எஞ்சியிருக்க, சொற்களைத் தேடி எடுத்து இலக்கணப்படி கோத்துச் சொல்லும் ஆற்றல் சிதைந்துவிடும் நிலை வெளிப்பாட்டுப் பேச்சிழப்பு எனப்படுகிறது. பாரிஸ் மருத்துவர் பால் புரோக்கா 1861இல், ‘டான்’ என்னும் ஓரசையைத் தவிர ஏறக்குறைய வேறெதையும் சொல்ல இயலாதிருந்த ஒருவரின் மூளையை அவர் இறந்தபின் ஆராய்ந்து, இட முன்மடலில் சிதைவு இருப்பதைக் காட்டியதால், இந்நிலை அவர் பெயராலும் வழங்குகிறது. நாக்கு, உதடு ஆகியவற்றின் தசைகள் தளர்வதால் உச்சரிப்புக் குழறுவது வேறு. அறிவுத்திறன் மங்குவது வேறு. இவற்றிலிருந்து பேச்சிழப்பைப் பிரித்தறிவதே மதிப்பீட்டின் முதற்பணி என்பதைப் பேச்சு மொழிச் சிகிச்சையாளர் அனைவரும் அறிவர். அப்பணி எந்த மொழியில் நடக்கிறது என்ற கேள்விக்கு அதே அளவு கவனம் கிடைப்பதில்லை.

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுக்காவில், மாந்தோப்புகளுக்குப் பெயர்பெற்ற முதலமடைப் பகுதியில், பொள்ளாச்சி செல்லும் சாலை மாநில எல்லையைக் கடக்கும் இடத்தில் உள்ள கோவிந்தாபுரம் இக்கேள்வியைத் தவிர்க்க முடியாததாக்குகிறது. இங்கு வாழும் தமிழர் வீட்டில் கொங்குத் தமிழும் அலுவலகத்தில் மலையாளமும் பேசி, கடைவீதியில் இரண்டையும் கலந்து பழகியவர்கள். இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு தோட்டப் பகுதிகளின் நிலையும் இதனின்று பெரிதும் வேறுபட்டதன்று. இத்தகைய ஒருவர் பக்கவாதத்திற்குப் பின் பாலக்காட்டு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டால் மலையாளத்திலும், பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ கொண்டுசெல்லப்பட்டால் தமிழிலும் சோதிக்கப்பட வாய்ப்புண்டு என்பதால், ஒரே மூளைச் சிதைவு எல்லையின் இருபுறமும் இரு வேறு நோய்ப்பெயர்களைப் பெறக்கூடும்.

ஆண்ட்ரூ கெர்டெஸ் உருவாக்கி, இந்திய மொழிகள் சிலவற்றுக்கும் தகவமைக்கப்பட்டுள்ள வெஸ்டர்ன் அஃபேசியா பேட்டரி என்னும் சோதனைத் தொகுப்பு, தன்னியல்புப் பேச்சு, கேட்டறிதல், திரும்பச் சொல்லுதல், பெயரிடுதல் ஆகிய நான்கையும் அளந்து, 100க்கு இத்தனை எனப் பேச்சிழப்பு ஈவு ஒன்றைத் தருகிறது. பேச்சோட்டம் குன்றிய ஒருவருக்குக் கேட்டறிதலில் 10க்கு 4 அல்லது அதற்கு மேல் கிடைத்தால் அவர் புரோக்கா வகையிலும், 4க்குக் கீழே போனால் மொழியின் எல்லாக் கூறுகளும் சிதைந்த முழுமைப் பேச்சிழப்பு வகையிலும் சேர்க்கப்படுவதற்கு இத்தொகுப்பின் வகைப்பாடு இடமளிக்கிறது. மலையாளத்தைக் கடைவீதி அளவில் மட்டுமே அறிந்த முதியவர் ஒருவரிடம் அம்மொழியில் நீண்ட கட்டளைகளைக் கொடுத்துச் சோதிக்கும்போது அவர் இழக்கும் மதிப்பெண்ணில் எவ்வளவு நோயினால் நேர்ந்தது, எவ்வளவு அம்மொழி முன்பே அவருக்கு வராததால் நேர்ந்தது என்பதை அந்த எண் காட்டாது. ‘சொல்வது எதுவும் இவருக்கு விளங்காது’ என்று வீட்டாரிடம் கூறப்பட்டுவிட்டால், பெருமளவு விளங்கும் மனிதரை அருகில் வைத்துக்கொண்டே அவரைப் பற்றி மற்றவர்கள் முடிவெடுக்கும் வழக்கம் அன்றே தொடங்கிவிடுகிறது.

இரு மொழிகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை, பல சொற்கள் பொதுவானவை என்ற எண்ணம் இப்பிழையை மறைக்கிறது. தமிழில் வினைமுற்று, எழுவாயின் திணை, பால், எண், இடம் ஆகியவற்றைத் தன் விகுதியிலேயே சுமப்பதால் வந்தான், வந்தாள், வந்தார், வந்தது எனப் பிரிகிறது. இன்றைய மலையாளத்தில் இவை அனைத்துக்கும் ‘வந்நு’ என்ற ஒரே வடிவம் போதும். புரோக்கா வகையினரிடம் பெரிதும் பழுதடைவது இத்தகைய இலக்கண உருபுகளே ஆதலால், தமிழில் வெளிப்பட்டுத் தெரியக்கூடிய இயைபுப் பிழை மலையாளச் சோதனையில் தோன்றவே வழியில்லை. மேலும், தமிழில் விகுதியற்ற வினையடி ஏவலாகவும் நிற்கும் என்பதால், ‘வாங்க’ என்று சொல்ல முயலும் ஒருவரிடமிருந்து ‘வா’ என்பது மட்டும் வெளிவரக்கூடும். ‘ங்க’ இன்றிப் பேசுவதை மரியாதைக் குறைவாகக் கொள்ளும் கொங்குப் பகுதியில் சம்பந்தியோ மாமனாரோ அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதிருக்க, அது உருபிழப்பின் விளைவு என்பதைக் குடும்பத்தார்க்கு முன்கூட்டியே விளக்குவது சிகிச்சையின் பகுதியே ஆகும்.

இருமொழியாளரின் மீட்சி குறித்து 19ஆம் நூற்றாண்டிலேயே இரு கருத்துகள் முன்வைக்கப்பட்டன: முதலில் கற்ற மொழியே நிலைக்கும் என்றார் ரிபோ, நோய்க்குமுன் மிகுதியாகப் புழங்கிய மொழியே முதலில் மீளும் என்றார் 1895இல் பித்ர். பின்னர் மிஷேல் பராடி தொகுத்த சான்றுகள், இரு மொழிகளும் இணையாக மீள்வதே மிகுதி என்றும், ஒன்று மீண்டு மற்றது பின்தங்குவதும் இரண்டும் கட்டுப்பாடின்றிக் கலப்பதும் உண்டு என்றும் காட்டின. எனவே எந்த விதியையும் முன்கூட்டியே நம்பாமல், இரு மொழிகளிலும் சோதிப்பதே முறை. கலப்பு மொழியைக் கண்டதும் அதை நோய்க்குறியாகப் பதிவதும் தவறு. நோயாளி முன்பு எப்படிப் பேசினார் என்பதை உடன் வாழ்ந்தவரிடம் கேட்டறிந்த பின்னரே, எது வழக்கம், எது சிதைவு என்று பிரிக்க இயலும்.

சோதனை மொழி மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் சார்ந்த விடயமும் ஆகும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 தன் அட்டவணையில் பேச்சு மொழிக் குறைபாட்டை வரையறுக்கும்போது பேச்சிழப்பைப் பெயர் சொல்லியே குறிப்பிடுவதுடன், 40 விழுக்காடும் அதற்கு மேலுமான குறைபாட்டுக்குத் தனிச் சலுகைகளையும் அளிக்கிறது. பேச்சிழப்பு ஈவைக் கொண்டு விழுக்காடு கணிக்கப்படும் இடத்தில், சோதனை மொழி தவறினால் சான்றிதழும் தவறும். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ள இடமளித்துள்ளது. எழுத்தில் ஏற்கப்பட்ட அந்த நியாயம், பேச இயலாதவரின் மருத்துவ மதிப்பீட்டுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

மருத்துவமனைக்கு வெளியே வாழ்க்கை நீண்டது. வலக்கையும் சேர்ந்து செயலிழப்பது பேச்சிழப்புற்றவர்களிடம் மிகுதி என்பதாலும், எழுத்தும் மொழியின் ஒரு கூறே என்பதாலும், ‘பேச முடியாவிட்டால் எழுதிக் காட்டட்டும்’ என்ற யோசனை பெரும்பாலும் பயன் தருவதில்லை. எண்ணுதல், வழிபாட்டு வரிகள், பழகிய பாட்டு, கோபத்தில் எழும் வசைச்சொல் ஆகியவை தடையின்றி வருவதைக் கண்டு, ‘வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறார்’ என்று வீட்டார் முடிவுகட்டுவதும் உண்டு. இத்தானியங்கிப் பேச்சு வேறு வழியில் எழுவது என்பதை அவர்களுக்கு உணர்த்த வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே பொருள் பற்றிப் பேசுதல், ஆம் இல்லை என்று விடைதரும் கேள்விகளைக் கேட்டல், சொல்லை முந்திக்கொண்டு முடித்துவைக்காமல் காத்திருத்தல் ஆகியவற்றைக் குடும்பத்தார் எளிதில் கற்கலாம். கேரளத்தின் 2008ஆம் ஆண்டு வலிதணிப்புக் கொள்கையால் வேரூன்றிய வீட்டுப் பராமரிப்புச் செவிலியரும், தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் இயன்முறை மருத்துவரும் வீட்டுப் படியேறும் இடங்களில், இப்பயிற்சியை அவர்கள் வழியாகவே கொண்டுசேர்க்க முடியும்.

இவை நடைபெறத் துறையினர் தம் நடைமுறையில் மூன்று மாற்றங்களைச் செய்தால் போதும். எல்லைப்புற நோயாளி ஒவ்வொருவருக்கும் சோதனைக்கு முன் மொழி வரலாறு பதியப்பட வேண்டும். வீட்டு மொழியில் சோதிக்கத் தம்மால் இயலாதபோது, பேரப்பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக நிறுத்தாமல், அம்மொழி அறிந்த சக சிகிச்சையாளரின் உதவி காணொலி வழியாகவேனும் பெறப்பட வேண்டும். நோயாளி எல்லை கடந்து அடுத்த மருத்துவமனைக்குச் செல்கையில் கொண்டுசெல்லும் விடுவிப்புக் குறிப்பில் ஈவுடன் அது எந்த மொழியில் பெறப்பட்டது என்பதும் எழுதப்பட வேண்டும். இவற்றுள் கடைசியானதற்குத் தனி நிதியோ புதுக்கருவியோ அரசாணையோ தேவையில்லை என்பதால், அதைத் தள்ளிப்போடக் காரணம் ஏதுமில்லை.