ஐஸ் குச்சி வீடும் மண் வீடும்

பொண்ணுக்கு ஸ்கூல்ல இப்போ 'முன்னோடிகள்' பாடம் நடக்குது. 19ம் நூற்றாண்டுல மேற்கே வண்டி கட்டிப் போய்க் குடியேறினவங்க எப்படி வீடு கட்டினாங்க, என்ன சாப்பிட்டாங்கங்கிற கதை. வீட்டுப்பாடம், ஐஸ் குச்சியில ஒரு மரவீடு. வழக்கம்போல குச்சி ஒட்டினது அப்பா, பேர் எழுதினது பொண்ணு :-)

ஒட்டும்போதே ஒரு உறுத்தல். நாங்க இருக்கிறது நெப்ராஸ்கால, ஒமாஹா. இந்த மாநிலத்துல அந்தக் காலத்துல கண்ணுக்கெட்டின தூரம் புல்வெளிதான், மரம் அபூர்வம். மரவீட்டுக்கு எங்கே போவாங்க? வேரோட புல்தரையை ஏர் வெச்சு அறுத்து, மூணடி நீளப் பாளமா அடுக்கினாங்க. சுவரே ரெண்டடி கனம். வெயிலுக்குக் குளிர்ச்சி, பனிக்குக் கதகதப்பு. ஆனா வெளியே மழை விட்டப்புறமும் உள்ளே ஒழுகும். கொதிக்கிற சட்டியில மண்ணு விழாம இருக்கக் கூரைக்குக் கீழே துணி கட்டினாங்க. பாம்பு வேற அப்பப்போ எட்டிப் பார்க்கும். விறகுக்குப் பதிலா காட்டெருமையோட காய்ஞ்ச சாணி. இதைப் போன்ல கேட்ட எங்கம்மா, "அட, நம்ம வறட்டி!"ன்னாங்க. பொண்ணுக்கு அரை மணி நேரம் வறட்டி பாடம் நடந்துச்சு. குச்சி வீட்டைவிட அதுதான் அவளுக்குப் பிடிச்சுது.

இந்த வீடுகளை சாலமன் புட்சர்னு ஒருத்தர் 1886லேர்ந்து ஊர் ஊரா போய்ப் படம் எடுத்தார். ஒரு படத்துல ஒரு குடும்பம் வெட்டவெளியில ஒரு ஆர்கன் பெட்டியோட நிக்குது. ஊர்ல இருக்கிற சொந்தக்காரங்களுக்கு மண் வீடு தெரியக்கூடாதுன்னு அந்த அம்மா பெட்டியை வெளியே இழுத்து வரச் சொன்னாங்களாம். வந்த புதுசுல, பழைய கார் வாங்கி, அடிபட்ட பக்கத்தை மறைச்சு நின்னு படம் எடுத்து ஊருக்கு அனுப்பினவன் நான். சிரிக்க எனக்கு யோக்யதை இல்ல. ஸ்கூல்ல இந்த ஒரு படத்தைக் காட்டினாப் போதும், ஐஸ் குச்சியே வேண்டாம்.

என் நிஜமான சண்டை வேற. 1862 சட்டப்படி, அஞ்சு வருஷம் தங்கிப் பயிர் வெச்சா 160 ஏக்கர், கட்டணம் சொற்பம். அரசாங்கம் இலவசமா நிலம் குடுத்துச்சுன்னு பாடம் முடிஞ்சுடுது. குடுக்க அவங்களுக்கு எங்கேர்ந்து வந்துச்சு? எங்க ஊர் பேரே ஒமாஹா பழங்குடியோட பேர்தான். 1854ல ஒரு ஒப்பந்தம் போட்டு அவங்க நிலத்துல பெரும்பகுதியை அரசாங்கம் வாங்கிக்கிச்சு. குழந்தைங்க கொண்டாடுற 'லிட்டில் ஹவுஸ் ஆன் த ப்ரெய்ரி'ல வர்ற குடும்பம் நிஜத்துல குடிசை போட்டதும் கன்சாஸ்ல ஒஸேஜ் மக்களோட நிலத்துலதான்.

சின்னப் பசங்களுக்கு இதெல்லாம் எதுக்குங்கிறாங்க. கூரையில பாம்புன்னா தாங்குற பசங்க இதையும் தாங்குவாங்க மக்களே. நானும் இதே மண்ணுல கடன்ல வீடு வாங்கினவன்தான், அதனால ரொம்ப உரக்கப் பேச முடியல.

குச்சி வீட்டைச் சுத்திப் புல்வெளிக்குப் பச்சைத் தாள் ஒட்டணும். அது மேல 'ஒமாஹா மக்கள்'னு எழுதப் போறாளாம் பொண்ணு. எழுதட்டும்னு விட்டுட்டேன்.