உங்க சர்நேம் என்ன பாஸ்?

அப்ளிகேஷன் ஃபார்மில் 'சர்நேம்' கட்டம் வந்ததும் பேனா அப்படியே நிற்குதா? அப்பா பேரை எழுதுறதா, ஊர்ப் பேரா, இல்லை காலியா விடுறதா?

இத்தாலிக்காரங்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. அங்கே 'ரோஸ்ஸி' என்ற குடும்பப் பேர் தெருவுக்குத் தெரு உண்டு. சிவப்பு என்று அர்த்தம். எந்தக் காலத்திலோ ஒரு தாத்தாவின் செம்பட்டை முடிக்கு ஊர் வைத்த பட்டப் பேர்! தெற்கு இத்தாலியில் அதுவே 'ருஸ்ஸோ'. 'டி ஜொவான்னி' என்றால் ஜொவான்னியின் பிள்ளை. அட, நம்ம இனிஷியல்தானே? ஆனால், அங்கே அது ஒரு தலைமுறையோடு உறைஞ்சு போச்சு. நம்ம இனிஷியல் தலைமுறைக்குத் தலைமுறை மாறும்.

இப்போ நம்ம திருவானைக்காவலுக்கு வாங்க. 1888 நவம்பர் 7-ல் இங்கே பிறந்த குழந்தையின் பேர் வெங்கட்ராமன். அப்பா சந்திரசேகர ஐயர். 'வெங்கட்ராமன்' இரண்டாக உடைந்து 'சி.வி.ராமன்' ஆனது. கடைசித் துண்டையே சர்நேமாக எடுத்துக்கொண்டது உலகம். 1928-ல் 'ராமன் விளைவு', 1930-ல் நோபல். ராமன் என்பது குடும்பப் பேரே இல்லை. அவரோட சொந்தப் பேரில் பாதி!

அவர் அண்ணன் சுப்ரமணியனின் மூத்த மகனுக்குத் தாத்தா பேர்: சந்திரசேகர். தாத்தா பெயரைச் சுமப்பதால்தானே அவன் 'பெயரன்', அதாவது பேரன்! 'சந்திரசேகர் எல்லை' கண்டு 1983-ல் நோபல் வாங்கியவர் இவர்தான். 1999-ல் நாசா விண்ணுக்கு அனுப்பிய 'சந்திரா' தொலைநோக்கியும் இவர் நினைவாகத்தான். சித்தப்பாவுக்கு இனிஷியல், அண்ணன் மகனுக்குப் பேர். இரண்டுமே ஒரே தாத்தா! அந்தக் காலத்து ஃபார்மில் அப்பா பேரைக் கடைசியில் போட்டிருந்தால், 'ராமன் விளைவு' இன்று 'சந்திரசேகர் விளைவு'!

சிரிச்சாச்சா? இப்போ சீரியஸ். பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்க பேரே சர்நேம் ஆகிவிடும். முதல் பேர் இடத்தில் 'தெரியவில்லை' என்பதைக் குறிக்கும் மூன்று எழுத்து வந்து உட்காரும். அப்பா பேரைச் சர்நேமாகப் போட்டால், ஏர்போர்ட்டில் அப்பா பேரைச் சொல்லித்தான் உங்களைக் கூப்பிடுவாங்க. எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க. ஆனால், மார்க் ஷீட், ஆதார், பாஸ்போர்ட் மூணிலும் ஒரே ஸ்பெல்லிங் இருக்கட்டும். ஃபைனல் இயர் முடியும் முன்னாடியே சரிபார்த்துடுங்க.

இத்தாலிக்காரருக்குப் பேர் பரம்பரைச் சொத்து. நமக்கு அப்பாவுக்கு ஒரு எழுத்து, மீதி நாமே சம்பாதிக்கிறது. ராமன் அப்படித்தானே சம்பாதிச்சார்?