வாசலில் நிற்கும் தகப்பன்

சென்ற இதழில் பிரசவத்தின் பின்னர் தாய்மாருக்கு ஏற்படும் மனச்சோர்வு பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த சகோதரி ஒருவர், "பெற்றவளின் கஷ்டத்தைச் சொன்னீர்கள். பக்கத்தில் ஒன்றும் தெரியாதமாதிரித் திரிகிற தகப்பனைப் பற்றி ஒரு வரியும் இல்லையே?" என்று கேட்டிருந்தார். கோபத்தோடுதான் கேட்டிருந்தார். நியாயமான கோபம். ஆனால் அந்த 'ஒன்றும் தெரியாதமாதிரித் திரிகிற' ஆளைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கும் நெடுநாளாக உண்டு. இம்மாதம் அதையே எழுதுகிறேன்.

முதற்பிள்ளை பிறக்கும்போது எமது தகப்பன்மார் எங்கே நிற்கிறார்கள்? வைத்தியசாலை வாசலில். வலி தொடங்கியதும் ஓட்டோ பிடித்துக் கொண்டுவந்து விடுகிறார்கள். மனைவி உள்ளே போனபின் அவர்களுக்குள்ள ஒரே வேலை, கேட்பதை வாங்கிக் கொடுப்பது. சுடுதண்ணீர்ப் போத்தல், பிள்ளைக்குச் சீலை, பாமசிக்கு ஒரு துண்டு. பார்வையாளர் நேரம் முடிந்ததும் காவலாளி வெளியே போகச் சொல்வார். பிறகு மதிலோரம் நின்று, போன் அடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பிரசவ நேரத்தில் பெண் விரும்புகிற ஒருவர் அவளோடு கூட நிற்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரை செய்தது. அந்த ஒருவர் கணவனாகவும் இருக்கலாம். எமது அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றில் ஒரே அறைக்குள் பல பெண்கள் பிரசவிக்கிறார்கள். அங்கே ஓர் ஆணை விட்டால் மற்றப் பெண்களின் மறைவு என்னாவது? ஆகவே அதை நான் குறையாகச் சொல்ல வரவில்லை. தாயோ சகோதரியோ கூட நிற்க அனுமதி கிடைத்தாலே பெரிய விடயம். தகப்பன் வாசலில் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

இந்த இடத்தில் இன்னொன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அந்த வாசலில்கூட ஒருவரும் நிற்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு நடந்தவர்களில் கர்ப்பிணிகளும் இருந்தார்கள். 2009இல் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் இருந்துகொண்டு, கணவன் தடுப்பில் இருக்கிறாரா, உயிரோடு இல்லையா என்றே தெரியாமல் பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறீர்கள். யுத்த காலத்தில் பிறந்து தகப்பன் இல்லாமல் வளர்ந்த ஆண்பிள்ளைகள் பலர் இன்று தாங்களே தகப்பன்மார் ஆகிறார்கள். பிறந்த பிள்ளையைத் தகப்பன் ஒருவர் எப்படி வாங்குவார், எப்படி வைத்திருப்பார் என்பதை அவர்கள் தங்கள் வீட்டில் கண்டதில்லை.

வைத்தியசாலை வாசலைத் தாண்டி வீட்டுக்கு வந்தாலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. வீடு பெண்களால் நிறைந்துவிடும். அம்மம்மா பத்தியக்கறிக்குச் சரக்கு அரைப்பார், பெரியம்மா பிள்ளையைக் குளிக்க வார்ப்பார். அவரை 'தள்ளி நில்லும் தம்பி' என்பார்கள். துடக்கென்று 31 நாள் கோயிலுக்குப் போகாமல் இருப்பதில் மட்டும் தகப்பனுக்கும் சமபங்கு உண்டு. பிள்ளையைத் தூக்குவதில் பங்கில்லை!

'ஆம்பிளையளுக்கு அது வராது' என்று எமது அம்மாமார் சொல்வார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டில் செபு என்னுமிடத்தில் 600க்கும் மேற்பட்ட இளைஞர்களைச் சில வருடங்கள் தொடர்ந்து அவதானித்த ஆய்வொன்று 2011இல் வெளியானது. தகப்பனானவர்களின் உடலில் டெஸ்டோஸ்டெரோன் என்ற ஆண்களுக்குரிய ஓமோன் குறைந்திருந்தது. நாளுக்கு 3 மணித்தியாலமோ அதற்கு மேலோ பிள்ளையைப் பராமரித்தவர்களில் அது இன்னும் குறைவாக இருந்தது. ஆணின் உடம்பும் பிள்ளைக்கு இடம் கொடுக்கிறது என்று இதை நான் விளங்கிக்கொள்கிறேன். (இதை வாசித்துக் காட்டினால் சில கணவன்மார் பிள்ளையைத் தூக்கவே பயப்படுவார்கள், அது வேறு கதை.)

மனமும் அப்படித்தான். 43 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த கட்டுரையொன்று 2010இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்தது. மனைவி கர்ப்பமாக இருக்கும் காலத்திலிருந்து பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரையில், தகப்பன்மாரில் ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு இருந்ததாக அது கூறியது. ஆண்களிடம் அது அநேகமாக அழுகையாக வெளிவராது. எரிச்சல், பேசாமை, குடி, வீட்டுக்குப் பிந்தி வருவது என்று வரும். நாங்கள் அதற்கு வேறு பெயர் வைத்துவிடுவோம்.

அண்மையில் கிளிநொச்சி மாவட்டத்துக் கிராமமொன்றில் நான் கண்ட குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். என்னைக் கூப்பிட்டவர் பிள்ளையின் அம்மம்மா. "பிள்ளை பிறந்து பன்ரெண்டு நாள் தங்கச்சி. மருமகன் ஒருக்காக்கூடத் தூக்கேல்ல. பிள்ளை அழுதா எழும்பி வெளியில போயிடுறார். பொம்பிளைப் பிள்ளை எண்டதால போல" என்றார். மகளோ சத்திரசிகிச்சைக் காயத்தோடு படுத்திருந்தபடி, தான் சுகமாகப் பெறாததால் அவருக்குத் தன்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தம்பி மேசன் வேலை செய்பவர். மூன்றாம் நாளே வேலைக்குப் போய்விட்டார். அதையும் ஒரு குற்றமாகச் சொன்னார்கள். அரசாங்க உத்தியோகத்தருக்குத் தந்தைமை விடுமுறை என்று 3 நாள் உண்டு. கூலிக்குப் போகிறவருக்கு வேலைக்குப் போகாத நாள் சம்பளமில்லாத நாள், அதோடு மாதக் கடன் வேறு. முதல்நாள் நான் கதைத்தபோது, "வேலை இருக்கு அக்கா, காசு கட்டவேணும்" என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் முறை போனபோது கிணற்றடியில் நின்று நெடுநேரம் கதைத்தார்.

"ஒப்பரேசன் எண்டு சொன்னவுடன கைகால் விறைச்சுப் போச்சு. விடிய மிஸ்ஸி பிள்ளையைக் கொண்டுவந்து காட்டினவ. சிரிக்கவேணும் எண்டு நினைச்சன், வரேல்ல. பிள்ளை கத்தினது. அந்தச் சத்தம் பங்கருக்குள்ள கேட்ட சத்தம் அக்கா. அப்ப எனக்குப் பதின்மூண்டு வயசு. பக்கத்துப் பங்கருக்குள்ள ஒரு கைப்பிள்ளை இரவு முழுக்க அழுதது. விடிய அழேல்ல. இப்ப இதைத் தூக்கினா, என்ர கைக்குள்ள இதுவும் நிண்டுபோயிடும் எண்டு ஒரு நினைப்பு."

ஒரு வீட்டில் மூன்று பேர். மூன்று பேரிடமும் மூன்று காரணம். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

உளநலப் பிரிவுக்கு வரும்படி கேட்டேன். "விசர் எண்டு சொல்லுவினம்" என்று மறுத்தார். பிறகு, வேலையில்லாத ஒரு நாளில் வருவதாக ஒப்புக்கொண்டார். (1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் மனநலம் பற்றிப் பேசலாம்.) ஆனால் உண்மையில் விடயத்தைத் தொடக்கி வைத்தவர் அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர். பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வந்தவர், "தராசை எடுக்குமட்டும் ஒருக்கா வைச்சிரும் தம்பி" என்று சாதாரணமாகச் சொல்லிப் பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டார். தராசை எடுக்க அன்று வழமையைவிடக் கூடுதல் நேரம் எடுத்தது என்றுதான் நினைக்கிறேன். தம்பியின் முழங்கை நடுங்கியது. பிள்ளை நித்திரையாகவே இருந்தது.

புதுத் தகப்பனுக்குப் புத்திமதி சொல்வதைவிட ஒரு சிறு வேலையைக் கொடுப்பது பலன் தரும் என்று என் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். பால் குடித்த பிள்ளையைத் தோளில் போட்டு ஏவறை எடுக்க வைக்கலாம். சீலை தோய்க்கலாம். சத்திரசிகிச்சை செய்த பெண்ணுக்கு இரவில் எழும்பிப் பிள்ளையைத் தூக்குவது எவ்வளவு வேதனை என்பது பெற்றவர்களுக்குத் தெரியும். தூக்கிக் கொடுக்கிற கை கணவனுடையதாக இருக்கலாமே. நிறை குறைந்த பிள்ளையை நெஞ்சோடு தோல்படும்படி அணைத்து வைத்திருக்கும் கங்காரு முறை 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் தொடங்கியது. அதைத் தகப்பனும் செய்யலாம். நெஞ்சு மயிர் பிள்ளைக்குக் கூசும் என்று ஓர் அம்மம்மா என்னோடு வாதாடினார். பிள்ளை முறைப்பாடு செய்ததாகத் தெரியவில்லை.

குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது தகப்பனும் பக்கத்தில் இருந்து கேட்கட்டும். பெற்ற பெண்ணுக்குக் காய்ச்சல், கூடுதலான இரத்தப்போக்கு, கடுமையான தலையிடி இருந்தாலோ, பிள்ளை பால்குடிக்க மறுத்தாலோ தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். நடுச்சாமத்தில் ஓட்டோ பிடிக்க ஓடப்போகிறவர் அவர்தானே. பிறப்பை 42 நாட்களுக்குள் பதிவதையும் அவரிடம் ஒப்படைக்கலாம். பத்திரம் தொலைந்தும் பதியாமலும் நாங்கள் பட்ட பாடு போதும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். பயந்து ஒதுங்குகிற தகப்பனைப் பற்றித்தான் இவ்வளவும் எழுதினேன். பச்சை உடம்புக்காரிக்குக் கை நீட்டுகிறவருக்கு இதில் எந்தச் சாட்டும் இல்லை. யுத்தம் அவரையும் பாதித்தது என்பதற்காக அடியை வாங்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை. 1938 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், அல்லது பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரைக் காணுங்கள்.

அந்தத் தம்பியின் தாயையும் பின்னர் சந்தித்தேன். 1995 இடப்பெயர்வில் ஏழு மாத வயிற்றோடு நடந்து, தென்மராட்சியில் யாரோ ஒருவருடைய வீட்டு விறாந்தையில் மகனைப் பெற்றவர். கணவர் 1999இல் ஒருநாள் காலையில் வேலைக்கென்று போனவர். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். "உங்கட மகன் பிறந்தபோது அவர் என்ன செய்தவர் அம்மா?" என்று கேட்டேன். அவர் சற்றுநேரம் பேசவில்லை.

"எங்க போனவர், எத்தினை மணிக்குப் போனவர், என்ன சேட்டுப் போட்டவர் எண்டுதான் இத்தினை வருசமும் எல்லாரும் கேட்டவை. இதை ஒருத்தரும் கேக்கேல்லப் பிள்ளை" என்றார். பிறகு சொன்னார்: "நான் பெத்து முடிய சைக்கிளோட வந்தவர். அப்ப எண்ணெய் இல்லாத காலம். எங்கயோ அலைஞ்சு ஒரு போத்தில் மண்ணெண்ணெய் கொண்டுவந்தவர், விளக்குக்கு. பிள்ளையைப் பாத்திட்டு வெளியில போய் நிண்டு அழுதவர். பிறகு வந்து தன்ர சாறத்தால சுத்தி விடிய விடிய மடியில வைச்சிருந்தவர். சீமெந்து குளிருது எண்டு கீழ வளத்த விடேல்ல."

"இது மகனுக்குத் தெரியுமா?"

"இல்லை. தேப்பனைப் பற்றிக் கதைச்சா எழும்பிப் போயிடுவான். நானும் விட்டிட்டன்."

உங்களில் எத்தனை பேரிடம் இப்படியொரு விறாந்தை இருக்கிறதோ தெரியாது. காணாமற்போனவரைப் பற்றிக் கேட்கும் படிவங்களில் இதற்கு இடம் விடுவதில்லை. மகன் இப்போது பிள்ளையோடு இருக்கிறார், இதைச் சொல்ல நல்ல காலம் என்று அந்தத் தாயிடம் சொன்னேன். சீலையின் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "முப்பத்தொண்டு கழியட்டும் பிள்ளை. அண்டைக்குச் சொல்லுறன்" என்றார். அதற்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.