கொடுத்தவர் பெயர் நிற்கிறது, கேட்டவர் பெயர்?

சர்வாதிகாரி பிராங்கோவின் மறைவுக்குப் பின் ஸ்பெயினை மக்களாட்சிக்கு அழைத்துச் சென்றவர் பிரதமர் அடால்போ சுவாரஸ். அதற்காக 1981இல் அந்நாட்டு மன்னர் அவருக்கு 'டியூக்' பட்டம் வழங்கினார். அது வாரிசுப் பட்டம். 2014இல் அவர் இறந்தபின் பேத்திக்குப் போனது. மக்களாட்சிக்கு உழைத்ததற்கான பரிசு, பிறப்பின் வழியே இறங்குகிறது!

நம் மாவட்டத்துக்கும் இப்படி ஒரு கதை உண்டு. நமது வட்டக்கோட்டை திருவிதாங்கூர் மன்னர்களின் கோட்டை. அந்த மரபின் கடைசி மன்னர் சித்திரைத் திருநாள், 1949இல் கொச்சியோடு சமஸ்தானம் இணைந்தபோது ராஜப்பிரமுகர் ஆனார். ஆண்டுக்கு 18 லட்சம் ரூபாய் மானியமும் மகாராஜா பட்டமும் தொடர்ந்தன. 1971இல் 26ஆவது அரசமைப்புத் திருத்தம்தான் இரண்டையும் ஒழித்தது.

அவர் 1936 நவம்பர் 12இல் வெளியிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனம் இன்றும் மன்னரின் கருணையாகவே பேசப்படுகிறது. அதற்குப் பத்தாண்டுகள் முன்பே, 1926இல், சுசீந்திரம் கோயில் வீதிகளில் நடக்கும் உரிமைக்குச் சத்தியாகிரகம் நடந்தது. அதற்கும் முன்பு, 1893இல் வில்வண்டியேறிப் பொதுச்சாலையில் சென்றார் அய்யன்காளி. எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயலில் இறங்க மாட்டோம் என்று அவர் பின்னால் நின்றார்கள் உழவுக் கூலிகள். கருணை தானாகச் சுரக்கவில்லை. கேட்டுக் கேட்டு வாங்கப்பட்டது.

அண்ணல் அம்பேத்கர் தலைமையில் வரையப்பட்ட அரசமைப்பில் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. அடுத்த 18ஆவது பிரிவு, படைத்துறை, கல்வித்துறைச் சிறப்புகள் தவிர்த்து அரசு பட்டம் வழங்குவதைத் தடுக்கிறது. பத்ம விருதுகளையும் பெயரோடு சேர்த்துப் போடக்கூடாது என 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டு பிரிவுகளும் அடுத்தடுத்து நிற்பது பொருத்தமே. பிறப்பால் ஒருவரை மேலே ஏற்றும்வரை, பிறப்பால் இன்னொருவரைக் கீழே தள்ளுவதும் நிற்காது. ஊர்க் கொடையில் பரம்பரையாகக் கட்டப்படும் பரிவட்டத்துக்கும் இது பொருந்தும்.

நாம் கேட்பது சிறிய காரியம்தான். வரும் நவம்பர் 12இல் நம் பள்ளிகளில் பிரகடனத்தைப் பற்றிப் பேசும் ஆசிரியர்கள், சுசீந்திரம் சத்தியாகிரகிகளையும் அய்யன்காளியையும் சேர்த்தே சொல்லட்டும். நம் பிள்ளைகள் கொடுத்தவரை மட்டுமல்ல, கேட்டவர்களையும் அறிந்து வளரட்டும்.