ஒரு பிடி அரிசி



நான் குருப்பட்டம் பெற்றபின் முதன்முதலாக ஒரு சிற்றூர்ப் பங்கின் பொறுப்பை ஏற்றிருந்த காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, வயது முதிர்ந்த கைம்பெண் ஒருவர் கோயில் முற்றத்தில் எனக்காகக் காத்து நின்றார். கையில் ஒரு சிறிய ஓலைக் கொட்டான். அதனுள்ளே உமி பரப்பி, அதன்மேல் நான்கு கோழிமுட்டைகள்.

“சாமி, இது கோயிலுக்கு” என்று நீட்டினார்.

அவர் குடியிருந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன். ஒருவேளை உணவுக்கே அவர் படும் பாட்டையும் அறிவேன். ஆகவே மிகுந்த பரிவுடன், “வேண்டாம் பாட்டி. இதை நீங்களே அவித்துச் சாப்பிடுங்கள், உடம்புக்கு நல்லது” என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. முகம் வாடியது. கொட்டானை முந்தானையால் மூடிக்கொண்டு மெல்ல நடந்து போய்விட்டார்.

நான் ஏதோ நன்மை செய்துவிட்டதாகவே எண்ணிக்கொண்டேன். சற்றுத் தள்ளி நின்ற உபதேசியார்தான் என் கண்களைத் திறந்தார். “சாமி, அந்தக் கிழவியின் கோழி முதன்முதலாக இட்ட முட்டைகள் அவை. கோயிலுக்கென்று நேர்ந்து வைத்திருந்தார். இந்த ஊரில் யாரும் அவரிடம் எதையும் கேட்பதில்லை. எல்லாரும் அவருக்குக் கொடுக்கத்தான் செய்கிறார்கள். இன்றைக்கு ஒரு நாளாவது தாமும் கொடுப்பவராக நிற்கலாம் என்று வந்தார்” என்றார்.

குருமடத்தில் நான் கற்ற இறையியல் முழுவதும் அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் தலைகுனிந்து நின்றது. அன்று மாலையே அவருடைய குடிசைக்குச் சென்றேன். “பாட்டி, கோயிலுக்குரிய காணிக்கையை நான் தெரியாமல் திருப்பி அனுப்பிவிட்டேன். அதைக் கேட்டு வாங்க வந்திருக்கிறேன்” என்றேன். அப்போது அந்தச் சுருக்கம் விழுந்த முகத்தில் தோன்றிய ஒளியை இன்றும் நான் மறக்கவில்லை. மறு ஞாயிறு வழக்கம்போல் காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டோம். ஒரு வாழைக்குலைக்கும் பலாப்பழத்துக்கும் நடுவே அந்த நான்கு முட்டைகளும் இருந்தன. ஏலம் கூறும்போது அந்த அம்மாள் எல்லாருக்கும் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

ஏழைக்கு நாம் இழைக்கும் அநீதிகளில் ஒன்று, அவனுக்குக் கொடுக்காமல் இருப்பது. மற்றொன்று, அவன் கொடுப்பதை வாங்காமல் இருப்பது. இரண்டாவது அநீதியைப் பரிவு என்னும் பெயராலேயே நாம் செய்துவிடுகிறோம்.

சரெப்தாவின் அடுப்படி

அரசர் ஆகமத்திலே சரெப்தா ஊர்க் கைம்பெண்ணின் வரலாற்றைப் படித்திருப்பீர்கள். நாட்டிலே கொடிய பஞ்சம். அவள் வீட்டில் மிஞ்சியிருந்தது பானையில் ஒரு பிடி மாவும் கலயத்தில் சிறிது எண்ணெயும்தான். தனக்கும் தன் மகனுக்கும் அதைக் கடைசி உணவாகச் சமைத்து உண்டுவிட்டு இறப்பதற்காகச் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த வேளையிலா இறைவாக்கினர் எலியாஸ் வந்து, முதலில் எனக்கு ஒரு சிறு அப்பம் செய்துகொண்டு வா என்று கேட்க வேண்டும்? வெளிப்பார்வைக்கு இரக்கமற்ற வேண்டுகோளாகவே தோன்றும். ஆனால் சாவுக்காகச் சமைக்க இருந்தவளை விருந்தினருக்காகச் சமைப்பவளாக மாற்றியது அந்த வேண்டுகோள்தான்.

அதன்பின் நிகழ்ந்ததை உன்னிப்பாகக் கவனியுங்கள். அவளுடைய பானை நிரம்பி வழிந்தது என்று ஆகமம் கூறவில்லை. மாவு தீர்ந்துபோகவில்லை என்றே கூறுகிறது. நேற்றைப்போலவே இன்றும் அடியில் ஒரு பிடி. நாளைக்கும் ஒரு பிடி. கொடுப்பவரை ஆண்டவர் செல்வராக்குவதாக வாக்களிக்கவில்லை. நூறு கொடுத்தால் ஆயிரம் வரும் என்று கணக்குப் போட்டுக் காணிக்கை கேட்பவர்கள் இக்காலத்தில் உண்டு, அது வாணிபம். ஆண்டவருடைய வாக்குறுதி, கொடுத்ததனால் நீ அழிந்துபோகமாட்டாய் என்பதே. மனித உள்ளத்திலிருந்து அச்சம் நீங்கினால்தான் அங்கே மகிழ்ச்சிக்கு இடம் உண்டாகும்.

புனித சின்னப்பரும் இதே வழியைத்தான் காட்டினார். யெருசலேம் திருச்சபையின் ஏழைகளுக்காக அவர் நிதி திரட்டியபோது, வாரத்தின் முதல் நாளில் அவரவர் தம் வரவுக்கேற்ப வீட்டிலேயே சிறிது எடுத்து வைக்குமாறு கொரிந்தியருக்கு எழுதினார். தாம் வந்தபின் அவசரமாகத் தண்டல் செய்வதை அவர் விரும்பவில்லை. கொடிய வறுமையிலும் மக்கெதோனியா நாட்டுத் திருச்சபைகள் மகிழ்ச்சியோடு கொடுத்ததையே அவர் கொரிந்தியருக்கு முன்மாதிரியாக வைத்தார்.

அண்டை வீட்டுப் பாடம்

நம் மாவட்டம் 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை திருவிதாங்கூரோடு இணைந்திருந்தது. அந்தத் திருவிதாங்கூர் மண்ணிலே, குட்டநாட்டின் கைநகரியில் 1805-ஆம் ஆண்டு பிறந்தவர் அருட்தந்தை குரியாக்கோஸ் எலியாஸ் சாவறா. 2014-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் பாப்பிறை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். கோயில்தோறும் ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். சாதியின் பெயரால் கல்வி மறுக்கப்பட்ட பிள்ளைகளும் அங்கே வந்து உட்கார வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆனால் ஒரு தடை இருந்தது. பசித்த பிள்ளை எப்படிப் படிக்கும்? வயலில் கூலி பெறும் பிள்ளையைப் பெற்றோர் எப்படிப் பள்ளிக்கு அனுப்புவர்?

அதற்கு அவர் கண்ட வழிதான் ‘பிடியரி’. ஒவ்வொரு வீட்டுத் தாயும் உலையில் அரிசி இடுமுன் அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போட்டு வைப்பாள். அதையெல்லாம் சேர்த்து, ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே நண்பகல் உணவு அளித்தனர். பெரிய நிதி இல்லை. அரசு மானியம் இல்லை. அடுப்படியில் நின்ற தாய்மாரின் கைப்பிடிதான் மூலதனம்.

நாட்டின் மற்றொரு கோடியில், மிசோரம் மலைநாட்டிலும் இதே வழக்கம் இருக்கிறது. அங்குள்ள நம் பிரிந்த சகோதரராகிய பிரெஸ்பிட்டேரியன் திருச்சபைப் பெண்கள் 1910-ஆம் ஆண்டளவில் இதைத் தொடங்கினர். சமைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பிடி அரிசி ஆண்டவருக்கு. அந்த ஏழை மலைவாழ் மக்களின் திருச்சபை, அந்த அரிசியை விற்ற பணத்தையும் கொண்டு தன் நற்செய்திப் பணியாளர்களைப் பிற மாநிலங்களுக்கு அனுப்பி வருகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பிடி அரிசியை 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஒரு பிடி என்றால் மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ. முந்நூறு குடும்பங்கள் உள்ள பங்கில் அது 450 கிலோ ஆகிறது. எடுத்த வீட்டிலே யாருக்கும் ஒரு கவளமும் குறைந்திருக்காது.

ஆனால் அரிசியின் அளவைவிடப் பெரிய ஒன்று அந்த அடுப்படியில் நிகழ்கிறது. அம்மா தினந்தோறும் ஒரு பிடியை எடுத்து வைப்பதைப் பார்த்து ஒரு குழந்தை வளர்கிறது. “இது யாருக்கு அம்மா?” என்று ஒரு நாள் கேட்கிறது. “நம் வீட்டுக்கு வராத ஒருவருக்கு” என்று தாய் பதில் சொல்கிறாள். அந்தக் குழந்தை அன்று பெற்ற மறைக்கல்வியை எந்தப் புத்தகத்தாலும் தர முடியாது.

வாங்கிய கையே கொடுக்கும்

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாளை நம்மில் யார் மறக்கக் கூடும்? கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்ப விழா. அன்று காலையில் கடல் எழுந்து வந்து குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி முதலிய ஊர்களில் குடும்பங் குடும்பமாக அள்ளிக்கொண்டு போயிற்று. உடுத்த துணியோடு தப்பி வந்தவர்களுக்காக உள்நாட்டு ஊர்களில் அடுப்புகள் எரிந்தன. எந்த மதத்தார், எந்தச் சாதியார் என்று அன்று யாரும் கேட்கவில்லை. கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் இடையே நாம் நெடுங்காலமாக எழுப்பி வைத்திருந்த சுவர்களைச் சோற்றுப் பொட்டலங்கள் சில நாள்களுக்காவது இடித்துப் போட்டன.

2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தது. நம் கடற்கரையிலும் அண்டைக் கேரளக் கடற்கரையிலும் கடலுக்குச் சென்றவர் பலர் திரும்பவில்லை. அந்தக் கண்ணீர் காயுமுன், 2018 ஆகஸ்டு மாதத்தில் கேரளத்தின் உட்பகுதிகளைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. அப்போது யார் முன்வந்தார்கள்? ஒக்கியிலே உறவினரைப் பறிகொடுத்த அதே கேரளக் கடற்கரை மீனவர்கள்! தங்கள் பிழைப்புக்கு ஆதாரமான வள்ளங்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு சென்று, கூரையேறி நின்றவர்களை மீட்டார்கள். மீனவர் ஒருவர் வெள்ளத்தில் குனிந்து தம் முதுகையே படியாகக் கொடுக்க, பெண்கள் அதன்மேல் கால்வைத்துப் படகில் ஏறிய காட்சியை நாடே பார்த்தது. கொடுப்பதற்குக் கையில் பொருள் இல்லாதவனுக்கும் ஒரு முதுகு உண்டு.

இன்றைய ஒரு பிடி எது?

“சாமி, இப்போது அரிசிக்கா பஞ்சம்? நியாயவிலைக் கடையில் 2011-ஆம் ஆண்டு முதல் விலையில்லாமலே கிடைக்கிறதே” என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆண்டவருக்கு நன்றி. ஆனால் பசி முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. அது உருமாறி நிற்கிறது.

நம் பங்குகளிலே பெரிய மாடி வீடுகள் இருக்கின்றன. பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் உழைக்கிறார்கள். மாதம் தவறாமல் பணம் வருகிறது. ஆனால் அந்த வீட்டின் முன்னறையில் தனியே அமர்ந்திருக்கும் முதியவரோடு மாலையில் செபமாலை சொல்ல ஒருவர் இல்லை. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய ஏழைத் தாய்க்கு மருத்துவம் இலவசம். ஆனால் கூடவே போய் வரிசையில் நிற்க ஆள் இல்லை. பிள்ளைக்குப் பள்ளிப் புத்தகம் கிடைத்துவிடுகிறது; பாடத்தைச் சொல்லிக்கொடுக்க, குடிகாரத் தகப்பனுடைய வீட்டில் யாரும் இல்லை. இங்கெல்லாம் தேவைப்படுவது ஒரு பிடி நேரம்.

இரண்டு தீமைகளைக் குறித்து எச்சரிக்கையாக இருங்கள். ஒன்று விளம்பரம். குழல்விளக்கு ஒன்றைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டு, வெளிச்சமே மறையும் அளவுக்கு ‘உபயம்’ என்று பெயரெழுதி வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டல்லவா? வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாது என்ற ஆண்டவர், அந்த விளக்கைப் பார்த்து என்ன நினைப்பார்? பிடியரிசியின் சிறப்பே அதுதான். எல்லா வீட்டு அரிசியும் ஒரே சாக்கில் கலந்துவிட்டால், எந்த மணி எவருடையது என்று யாரால் சொல்ல முடியும்?

மற்றொன்று, வேண்டாததைக் கொடுப்பது. சுனாமி நாள்களில் வந்து குவிந்த கந்தல் துணிகளை மக்கள் தொடாமல் ஒதுக்கியதை நினைவுகூருங்கள். பிடியரிசி, உண்டு மிஞ்சிய சோறு அன்று. உலையில் இடுமுன் எடுக்கப்படுவது. நாம் எதை உண்கிறோமோ அதே அரிசி. முதலில் எடுத்த பங்கு. ஆபேலின் காணிக்கை அத்தகையது. அந்தப் பாட்டியின் முட்டைகளும் அத்தகையவை.

ஆகவே இந்த மாதம் உங்கள் குடும்பங்களில் ஒன்று செய்யுங்கள். அடுப்படியில் ஒரு சிறு பாத்திரத்தை வையுங்கள். சமைக்குமுன் ஒரு பிடி அரிசியோ, கடைக்குப் போய்வந்தபின் ஒரு நாணயமோ அதில் இடுங்கள். பிள்ளைகளின் கையாலேயே இடச் செய்யுங்கள். மாத இறுதியில் உங்கள் அன்பியத்தில் அவற்றை ஒன்றாகச் சேர்த்து, யாருக்குத் தேவையோ அவர் வீட்டுக்கு ஓசையின்றிக் கொண்டுபோய்ச் சேருங்கள். போகிறவர்கள் பொருளைக் கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிட வேண்டாம். உட்காருங்கள். பேசுங்கள். அந்த வீட்டார் கருப்பட்டிக் காப்பியோ வெறும் தண்ணீரோ கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக் குடியுங்கள். நான் செய்த தவற்றை நீங்கள் செய்யாதீர்கள்.

ஒவ்வொரு நாளும் திருப்பலியில் காணிக்கை வேளையின்போது, குரு கிண்ணத்திலுள்ள இரசத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரைக் கலக்கிறார். கோயிலில் இருப்பவர்களுள் பெரும்பாலோர் அதைக் கவனிப்பதில்லை. ஒரே ஒரு சொட்டு. ஆனால் கலந்தபின் அதைப் பிரிக்க யாராலும் இயலாது. இரசம் ஆண்டவருடைய திரு இரத்தமாகும்போது அந்தச் சொட்டும் அதனோடு சேர்ந்தே போகிறது. அந்தச் சொட்டை ஊற்றும் போதெல்லாம் எனக்கு ஓலைக் கொட்டானும் உமியும் நான்கு முட்டைகளும் நினைவுக்கு வருகின்றன.

நம்மிடம் இருப்பது ஒரு சொட்டுத்தான், ஒரு பிடிதான். ஆண்டவர் கேட்பதும் அவ்வளவே. அதை மகிழ்ச்சியோடு கொடுக்கும் வரத்தை அவரே உங்கள் குடும்பங்களுக்கு அருள்வாராக.

உங்கள் அன்புள்ள,
பங்குத்தந்தை