ஏணி வரைவதற்கு முன் மோட்டார்காரரைக் கேளுங்கள்



பி.எல்.சி. என்று சொன்னாலே நம் வகுப்பில் இரண்டு கட்சி உண்டு. 'அது கம்ப்யூட்டர் சமாச்சாரம்ப்பா, நமக்கு வராது' என்று ஒதுங்குகிற கட்சி ஒன்று. 'ரெகார்டுல இருக்கறத அப்படியே வரைஞ்சா மார்க் வந்துடும்' என்று நிம்மதியாக இருக்கிற கட்சி இன்னொன்று. இரண்டிலும் சேராமல் ஒரு கருத்தைச் சொல்லலாம் என்றுதான் இந்த ஆண்டு மலரில் இடம் கேட்டு வாங்கினேன். லேடர் புரோகிராம் கம்ப்யூட்டர் படித்தவர்களுக்காகப் பிறந்தது அல்ல. ஸ்க்ரூ டிரைவரும் டெஸ்டரும் பிடித்த கைகளுக்காகப் பிறந்தது. ஆகவே, முதல் புரோகிராமை எழுத உட்காரும் மாணவன் முதலில் போக வேண்டிய இடம் லேப் அல்ல. அந்த மோட்டாரைத் தினமும் போட்டு அணைக்கிற ஆளிடம்தான் போக வேண்டும்.

இதை நான் சும்மா சொல்லவில்லை, சரித்திரமே அப்படித்தான் இருக்கிறது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் ஹைட்ராமேட்டிக் பிரிவில் பெரிய பெரிய ரிலே பேனல்கள் இருந்தன. கார் மாடல் மாறினால் அந்த ரிலேக்களின் வயரிங்கையும் பிரித்து மறுபடி போட வேண்டும், அல்லது பேனலையே தூக்கிப் போட வேண்டும். இதற்கு மாற்று வேண்டும் என்று 1968-இல் அவர்கள் கேட்டார்கள். பெட்ஃபோர்ட் அசோசியேட்ஸ் என்ற சின்ன நிறுவனத்தில் டிக் மார்லி என்பவரும் அவருடைய நண்பர்களும் செய்து கொடுத்த பெட்டிதான் மோடிகான் 084. அவர்களுடைய 84-ஆவது வேலை என்பதால் அந்த நம்பர். உள்ளே இருந்தது மின்னணு மூளை. ஆனால் அதற்கு வேலை சொல்லும் முறையை மட்டும், பழைய ரிலே பேனலின் படம் மாதிரியே வைத்தார்கள். இந்தப் பக்கம் ஒரு கம்பி, அந்தப் பக்கம் ஒரு கம்பி, நடுவே படிகள். காரணம் ரொம்ப எளிது. இரவு இரண்டு மணிக்கு லைன் நின்றுபோனால் ஓடி வருவது கம்ப்யூட்டர் என்ஜினீயர் அல்ல, ஷிப்டில் இருக்கிற எலெக்ட்ரீஷியன். அவருக்குப் படிக்கத் தெரிந்த படமாக அது இருக்க வேண்டும். 1993-இல் ஐ.இ.சி. 61131-3 என்ற சர்வதேசத் தரம் வந்தபோதும் ஐந்து மொழிகளில் ஒன்றாக இந்த ஏணிக்கும் இடம் கிடைத்தது.

(ஒரு வேடிக்கை: பிரெஞ்சுக்காரர்கள் 1954-இல் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்ட ஊர் நம்முடையது. அமெரிக்காவில் பிறந்த அந்த மோடிகான் என்ற பெயரோ இன்று ஷ்னைடர் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் கையில் இருக்கிறது!)

இனி முதல் புரோகிராமுக்கு வருவோம். எல்லோருக்கும் முதல் பயிற்சி ஒன்றுதான். பச்சை பட்டனை அழுத்தினால் மோட்டார் ஓட வேண்டும், சிவப்பு பட்டனை அழுத்தினால் நிற்க வேண்டும். ஒரே ஒரு படி. ஸ்டார்ட் காண்டாக்ட், அதற்குப் பக்கவாட்டில் மோட்டாரின் சொந்தக் காண்டாக்ட், பிறகு ஸ்டாப், கடைசியில் காயில். பச்சையை விட்ட பிறகும் மோட்டார் தன் காண்டாக்ட் வழியாகத் தன்னையே பிடித்துக்கொண்டு ஓடும். நம் ஊர் ஸ்டார்ட்டர் பெட்டி ஒவ்வொன்றிலும் இந்தப் படிதான் கம்பியாக ஓடிக்கொண்டிருக்கிறது. பி.எல்.சி. செய்வதெல்லாம், எல்லா இன்புட்டையும் ஒரு தடவை பார்ப்பது, மேலிருந்து கீழே படி படியாகக் கணக்குப் போடுவது, அவுட்புட்டைப் போடுவது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பது. ஒரு சுற்றுக்குச் சில மில்லி செகண்ட்தான் ஆகும். அதனால்தான் ஒரே காயிலை இரண்டு படியில் எழுதினால் கடைசிப் படி சொன்னதே செல்லும், முதல் படியின் பேச்சு எடுபடாது.

இந்தச் சின்னப் படிக்குள்ளேயே ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் நாம் போதுமான அளவு சண்டை போடவில்லை. ஸ்டாப் பட்டன் வயரிங்கில் என்.சி., அதாவது அழுத்தாதபோது மூடியிருப்பது. அப்படியானால் ஏணியிலும் என்.சி. குறி போட வேண்டியதுதானே? கிடையாது. பட்டனை யாரும் தொடாதபோதே அந்த இன்புட்டுக்குக் கரண்ட் வந்துகொண்டிருக்கிறது, பி.எல்.சி.க்கு அது 'ஒன்று'. 'ஒன்று' இருக்கும்வரை வழிவிடு என்பதற்கு என்.ஓ. குறிதான் போட வேண்டும். கேட்டால் தலை சுற்றும். 'இன்னாத்துக்கு இந்தச் சுத்து வழி? பட்டனையே என்.ஓ.வா மாட்டிட்டு ஏணியில என்.சி. போட்டா முடிஞ்சு போச்சே' என்று நண்பர்கள் கேட்கிறார்கள். லேப் மேஜையில் இரண்டும் ஒரே மாதிரிதான் வேலை செய்யும், மார்க்கும் ஒன்றே. ஆனால் ஒரு மில்லிலோ மெஷின் ஷாப்பிலோ எலி ஒயரைக் கடித்துவிட்டது, அல்லது அதிர்ச்சியில் டெர்மினல் ஸ்க்ரூ கழன்றுவிட்டது என்று வையுங்கள். என்.சி. பட்டனாக இருந்தால், ஒயர் அறுந்த அந்த நொடியே மோட்டார் நிற்கும். என்.ஓ. பட்டனாக இருந்தால் மோட்டார் பாட்டுக்கு ஓடும். ஒருவருடைய கை உள்ளே மாட்டிக்கொண்ட நேரத்தில் நீங்கள் சிவப்பு பட்டனை எத்தனை தடவை குத்தினாலும் அது நிற்காது. லேபில் பல்பு எரிவதைப் பார்த்துப் புரோகிராமைச் சரி என்று முடித்துவிடுகிற பழக்கம் எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இதுதான். பல்புக்குக் கை மாட்டாது. எமர்ஜென்ஸி ஸ்டாப் என்றால் புரோகிராமை மட்டும் நம்பியிருக்கவே கூடாது, நேரே கம்பியிலேயே காண்டாக்டரின் சப்ளையை அறுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

என் வீட்டில் எழுதப் படிக்க என்று உட்கார்ந்த முதல் ஆள் நான். அப்பா பள்ளிக்கூடம் போனது நாலாவது வரைதான். முத்தியால்பேட்டைப் பக்கம் ஐந்து அடுக்குமாடிகளில் காலையும் மாலையும் மோட்டார் போட்டு மேல்தொட்டி நிரப்புவது அவருடைய வேலை. லேபில் தொட்டி நிரப்பும் பயிற்சி கொடுத்தபோது, நோட்டில் வரைந்த ஏணியை அவரிடம் காட்டினேன். ஒரு எழுத்துகூடப் படித்துச் சொல்லவில்லை. கோட்டின் மேல் விரலை வைத்துக் காட்டி, 'இது கீழ் ஃப்ளோட்டு, தண்ணி எறங்குனா மூடும். இது மேல் ஃப்ளோட்டு, ரொம்பினா தொறக்கும். இது சம்ப்புல தண்ணி இருக்கான்னு பாக்கறது. இது ஓவர்லோடு 95, 96' என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தார். 'ஸ்டார்ட்டர் மூடிக்குள்ள ஒட்டியிருக்குமே, அதே படம்தானடா' என்றார். அமெரிக்காவில் 1968-இல் யாருக்காக அந்தப் படத்தை விடாமல் வைத்திருந்தார்களோ, அவர்தான் என் எதிரே பாயில் உட்கார்ந்திருந்தார் என்று எனக்குப் பட்டது.

பிறகு அவர் கேட்ட கேள்வி எந்தப் புத்தகத்திலும் இல்லை. 'ஃபுட்வால்வு ஒழுவி ஏர் பிடிச்சுக்கிச்சுன்னா? மோட்டார் ஓடும், தண்ணி ஏறாது. அப்ப உன் பொட்டி இன்னா பண்ணும்?'

யோசித்துப் பாருங்கள். சம்ப்பில் தண்ணீர் இருக்கிறது. மேல் தொட்டி நிரம்பவில்லை. ஓவர்லோடும் விழாது, ஏனென்றால் வெறும் காற்றைச் சுற்றும் மோட்டார் குறைந்த கரண்ட்தான் எடுக்கும். ஏணியைப் பொறுத்தவரை எல்லாம் நல்லபடியாக நடக்கிறது. பம்ப் சீல் கருகும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். 'நீ எப்படிப்பா கண்டுபிடிப்ப?' என்று கேட்டேன். 'சத்தம் மாறும். சத்தம் கேக்காட்டி, நாப்பது நிமிஷத்துல ரொம்பணும், ரொம்பலன்னா போய்ப் பாப்பேன்' என்றார். நாற்பது நிமிடம்! அது அப்பாவின் தலைக்குள் பல வருஷமாக இருக்கிற டைமர். ஏணியில் இன்னும் இரண்டு படி ஏறியது. மோட்டார் ஓட ஆரம்பித்ததும் டைமர் ஓடட்டும். 55 நிமிடத்தில் மேல் ஃப்ளோட் திறக்கவில்லை என்றால் 'கோளாறு' என்ற உள்காயில் தன்னைப் பிடித்துக்கொண்டு மோட்டாரை நிறுத்தி விளக்கைப் போடட்டும். ஆள் வந்து ரீசெட் பட்டனை அழுத்துகிறவரை விடக்கூடாது. சத்தம் மாறுவதைப் படியாக எழுத எனக்கு இன்னும் வழி தெரியவில்லை. அது அப்பாவிடமே இருக்கிறது.

இத்தோடு நிறுத்தினால் கட்டுரை இனிப்பாக முடிந்துவிடும். ஆனால் அப்பா அத்தோடு நிறுத்தவில்லை. நோட்டை மூடிக் கொடுத்துவிட்டு, 'இத அஞ்சு வூட்லயும் மாட்டிட்டா எனக்கு மாசம் எவ்ளோ கொறையும்னு அதுல கணக்கு இருக்கா?' என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. தொட்டிக்குப் பி.எல்.சி. வைப்பது கொசு அடிக்கக் கோடாலி எடுப்பது போல என்பது வேறு விஷயம். அதைவிட மலிவான லெவல் கன்ட்ரோலர் கடையிலேயே கிடைக்கிறது. தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு எஸ்டேட்டுகளில் நாளைக்கு நாம் எழுதப்போகும் படிகள் ஒவ்வொன்றும் ஏதோ ஒருவர் இப்போது கையால் செய்கிற வேலைதான். 'மெஷின் வந்தால் வேலை போகும், ஆகவே மெஷினே வேண்டாம்' என்று சொல்ல டிப்ளமோ படிக்கிற எனக்கு வாய் வராது. 'முன்னேற்றம் என்றால் அப்படித்தான்' என்று தோளைக் குலுக்கவும் மனசு வராது. எட்டு மணி நேர வேலை கேட்டதற்காக 1936 ஜூலை 30-ஆம் தேதி பன்னிரண்டு மில் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட ஊர் இது. அடுத்த வருஷமே அந்த எட்டு மணி நேரம் இங்கே சட்டமாயிற்று. அவர்கள் தறியை உடைக்கச் சொல்லவில்லை. தறியின் முன் நிற்கிற நேரம் எவ்வளவு என்பதில் தங்களுக்கும் பேச்சு இருக்கிறது என்றார்கள். பேனல் வைக்கும்போதும் அதே பேச்சு வேண்டும் என்பது என் வாதம். மோட்டார் போட்டவரையே பேனலைப் பார்த்துக்கொள்கிறவராக ஆக்கினால் கம்பெனிக்குத்தான் லாபம். நாற்பது நிமிடக் கணக்கும் சத்தக் கணக்கும் அவரிடம்தானே இருக்கின்றன! அவரை வெளியே அனுப்பிவிட்டு எழுதிய ஏணி, முதல் ஏர் பிடிக்கும் நாளில் பம்பைக் கருக்கும்.

வைவா பற்றியும் ஒரு வார்த்தை. 'ஸ்கேன் சைக்கிள்' என்றால் என்ன என்று இங்கிலீஷில் நாலு வரி மனப்பாடம் சொன்னவன் தேறுகிறான். ஸ்டாப் பட்டனில் ஒயர் அறுந்தால் என்ன ஆகும் என்று தமிழில் சரியாகச் சொல்லக்கூடியவன் வாய் திறக்காமல் நிற்கிறான். மெஷின் ஷாப்பில் யாரும் அந்த நாலு வரியைக் கேட்கப் போவதில்லை.

ஆகவே நம் மாணவர் பேரவை, துறைத் தலைவர் அவர்களிடம் வைக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். பி.எல்.சி. கிட்டைத் தொடுவதற்கு முன் ஒரு வாரம், காண்டாக்டர், ரிலே, நிஜ பட்டன் வைத்து நாமே கையால் ஸ்டார்ட்-ஸ்டாப் வயரிங் செய்ய வேண்டும். முதல் புரோகிராமோடு, அந்த இயந்திரத்தை இயக்குகிற ஒருவரிடம் கேட்டு எழுதிய ஒரு பக்கத்தைத் தமிழிலேயே ரெகார்டில் சேர்க்க அனுமதிக்க வேண்டும். லேபில் எங்கள் பேட்ச்சுக்கு இருக்கிற இரண்டு கிட்டுகளில் ஆறு ஆறு பேராக நின்று எட்டிப் பார்க்கிறோம்; ரிலே போர்டுகளோ ஸ்டோர் ரூமில் தூசி படிந்து கிடக்கின்றன. அவற்றைக் கழிவுப் பட்டியலில் சேர்ப்பதற்கு முன் ஒரு சனிக்கிழமை சாவியைக் கொடுத்தால் போதும், துடைத்து ஒயர் மாட்டி வைக்க எங்கள் வகுப்பில் எட்டுப் பேர் பெயர் கொடுத்திருக்கிறோம்.